தலையசைவுக்கு உச்சரிப்பு இல்லை

மல்லேஸ்வரத்துச் சம்பிகே சாலையில் பூ வாங்குபவர் கன்னடத்தில் தொடங்கி, தமிழில் பேரம் பேசி, ஆங்கிலத்தில் கணக்கை முடிப்பார். பூக்காரருக்கு எல்லாம் விளங்கும். அந்தப் பேச்சைக் குரல் கட்டளையாகக் கொடுத்தால் கணினியின் சுட்டிக்குறி அசையாது.

கைகளைப் பயன்படுத்த இயலாத மாணவருக்குக் கணினி என்றதும் பலர் குரல் கட்டளையையே தீர்வாக எண்ணுகின்றனர். குரல் கட்டளை மொழியைக் கேட்கிறது. அதிலும் குறிப்பிட்ட ஓர் உச்சரிப்பைக் கேட்கிறது. விண்டோஸ் 11இல் 2022ஆம் ஆண்டு வந்த ‘வாய்ஸ் அக்சஸ்’ முதலில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இந்திய ஆங்கிலம் பின்னரே சேர்ந்தது. மேலும், பெருமூளை வாதம் கைகளோடு பேச்சுறுப்புகளையும் பாதிப்பதுண்டு. மொழியறிவு முழுமையாக இருந்தும் ஒலிப்பு குழறும். அத்தகையவருக்கு இவ்வழி இருமுறை அடைபடுகிறது.

தலையசைவுக்கு இந்தத் தடை இல்லை. ஆப்பிளின் மேக் கணினியில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள்ளேயே இதற்கான வசதி உண்டு. கேமராவின் முன் தலையைத் திருப்பினால் சுட்டிக்குறி நகரும். ஓரிடத்தில் சற்று நிலைத்தால் அதுவே சொடுக்காகும். புன்னகையையும் புருவ உயர்வையும் கட்டளைகளாக்கலாம். விண்டோஸுக்குப் பாஸ்டன் கல்லூரியில் உருவான ‘கேமரா மவுஸ்’ இலவசமாகக் கிடைக்கிறது. திரை விசைப்பலகையும் சேர்ந்தால் தமிழிலேயே ஆய்வேடு எழுதலாம்.

கழுத்து வலிக்கும், வெளிச்சம் குறைந்தால் தடுமாறும், வேகம் குறைவு என்பன உண்மையே. தலையை அசைக்க இயலாதோருக்கு வேறு வழி வேண்டும் என்பதும் உண்மையே. ஆகவேதான் ஒரே கருவியை வாங்கி வைத்துவிட்டுக் கடமை முடிந்ததெனக் கருதலாகாது. தேர்வு பயனரிடம் இருக்க வேண்டும்.

ஆனால் பொது ஆய்வகக் கணினிகளில் அமைப்புகளை மாற்றும் உரிமை பெரும்பாலும் நிர்வாகியின் கடவுச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு, கைகள் இயங்காத மாணவரை ஒவ்வொரு முறையும் பிறர் தயவை நாட வைக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 42ஆம் பிரிவில் தகவல் தொழில்நுட்ப அணுகலை அரசின் பொறுப்பாக்கியுள்ளது. அந்தப் பொறுப்பு ஆய்வக மேசைவரை வந்து சேர வேண்டாமா?

கோரிக்கை சிறிது: ஒவ்வோர் ஆய்வகத்திலும் கேமராவுள்ள ஒரு கணினியேனும் இருக்கட்டும்; அணுகல்தன்மைப் பகுதிக்கு மட்டும் பூட்டு வேண்டாம்; பயனரின் அமைப்பு அவரது கணக்கிலேயே நிலைக்கட்டும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. துறைத்தலைவர் ஒருவரின் கையொப்பம் போதும்.