நாலு சக்கரமும் நாலு பிரேக்கும்

"ஃபோர் வீல் டிரைவ் வண்டி இருக்கு, அப்புறமென்ன பயம்?" இமாச்சல்ல ஸ்பிதி பக்கம் வண்டி ஓட்டிட்டுப் போக ஆசைப்படறவங்க அடிக்கடி சொல்ற டயலாக் இது. என்னைக் கேட்டா, பயப்பட வேண்டிய இடமே வேற மக்கா.

கிராம்ஃபூவிலிருந்து குன்சும் கணவாய்க்கு (சுமார் 4,550 மீட்டர் உயரம்) போற வழியில பல இடத்துல ரோடுன்னா கல்லும் மண்ணும்தான். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் சந்திரா நதி. நாலு சக்கரமும் இழுத்தா ஏத்தத்துலயும் சேத்துலயும் உதவும், ஒத்துக்கறேன். ஆனா இறக்கத்துல? பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்துலதானே இருக்கு! மிதிச்சுக்கிட்டே இறங்கினா சூடேறி, பிடிக்காமப் போயிடும். லோ ரேஞ்ச், சின்ன கியர்னு போட்டு இஞ்சினை வச்சே வேகத்தை அடக்கணும். அந்த லீவரை ஷோரூம்ல பாத்ததோட சரின்னு இருக்கறவங்க எத்தனை பேரோ!

அப்புறம் ரோட்டுக்குக் குறுக்கே ஓடற பனி ஓடைகள். வெயில் ஏற ஏற பனி உருகி, மதியத்துக்கு மேல தண்ணி கூடிடும். காலைலயே தாண்டறதுதான் புத்திசாலித்தனம்.

இத்தனைக்கும், சீசன்ல இதே ரோட்ல இமாச்சல் அரசு பஸ் காஸாவுக்குப் போகுது. பின் சக்கரம் மட்டும் இழுக்கற சாதா பஸ்! இன்னொரு பக்கம், 2023 டிசம்பர்ல ஒருத்தர் சந்திரா ஆத்துக்குள்ளயே ஜீப்பை இறக்கி ஓட்டி, போலீஸ்கிட்ட அபராதம் வாங்கினார்.

காஸா போறதா ஐடியா இருந்தா, முதல்ல ஒருதடவை அந்த பஸ்ல போங்க. டிரைவர் கை தெரியற சீட்டா பாத்து உக்காருங்க :-)