அழையா விருந்தாளிக்கு எதுக்கு சாவி?

இந்த வாரம் கொஞ்சம் டேட்டாபேஸ் பக்கம் போவோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன்: தானாக உருவாகும் ஸ்கிரிப்ட்டில் யூசர் கணக்குகள் இருக்கவே கூடாது.

எஸ்க்யூஎல் சர்வரில் ‘ஜெனரேட் ஸ்கிரிப்ட்ஸ்’ போய் முழு டேட்டாபேஸையும் தேர்ந்தெடுத்தால், டேபிள், வியூ, புரொசீஜரோடு ‘கிரியேட் யூசர்’ வரிகளும் வந்து உட்காரும். கருவியைக் குறை சொல்ல முடியாது. முழுசா கேட்டோம், முழுசா கொடுத்தது. ஆனால் டேபிள் அப்ளிகேஷனுக்குச் சொந்தம். யூசர் அந்தந்த சர்வருக்குச் சொந்தம். இரண்டையும் ஒரே ஃபைலில் கட்டுவதுதான் தப்பு.

“எரர் வந்தா பார்த்துக்கலாம்” என்பார்கள். புது சர்வரில் அந்த லாகின் இல்லையென்றால் எரர் வரும், அது நல்லது. லாகின் அங்கேயும் இருந்தால்தான் ஆபத்து. சத்தமே இல்லாமல் கணக்கு உருவாகிவிடும். டெஸ்டிங்குக்காகக் கொடுத்த டிபி ஓனர் உரிமையும் கூடவே போகலாம்.

மைஎஸ்க்யூஎல்லில் இதே கதை வேறு வடிவத்தில். டம்ப் எடுத்தால் வியூ, டிரிக்கர் எல்லாவற்றிலும் ‘டிஃபைனர்’ என்று ஒரு பெயர் ஒட்டியிருக்கும். புது இடத்தில் அந்தப் பெயர் இல்லையென்றால், வியூவைத் திறக்கும்போது 1449 எரர். பெயர் இருந்தால், வழக்கமாக அந்த ஆளின் உரிமையோடுதான் வியூ ஓடும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், எப்போதோ விலகிப்போன ஒருவரின் கணக்கை அட்மின் ஒவ்வொரு முறையும் நீக்குவார். அடுத்த ரிலீஸில் அது திரும்ப வந்து நிற்கும். காரணம், ரெப்போவில் இருந்த ஸ்கிரிப்ட். என்னை மாதிரி கான்ட்ராக்டர்களுக்கு இது சும்மா விஷயம் இல்லை. நாம் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கில் வேறு யாராவது நுழைந்தாலும், லாகில் நிற்கப்போவது நம் பெயர்தானே?

“பேக்கப்புக்கு யூசரும் வேணுமே?” வேணும்தான். அதைத் தனி ஸ்கிரிப்ட்டாக, சர்வருக்கு ஒன்றாக வையுங்க. ஸ்கீமா ஸ்கிரிப்ட்டில் ரோலும் அதன் உரிமைகளும் போதும். அந்த ரோலில் யார் என்பது இங்கே வேண்டாம். எஸ்க்யூஎல் சர்வரில் ‘யூசர்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்க. போஸ்ட்கிரஸ் டம்ப்பில் ‘நோ ஓனர்’, ‘நோ பிரிவிலேஜஸ்’ என்று இரண்டு ஆப்ஷன் இருக்கு.

இன்றைக்கே உங்க ரெப்போவில் ‘கிரியேட் யூசர்’ என்று தேடிப் பாருங்க. பெயரெல்லாம் வேண்டாம், எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.