பழைய ஆம்ப்ளிஃபயரும் மூடிக்குள் இருப்பதும்

நம் கடற்கரை ஊர்களில் ஒரு வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்கும் பொருள்களுக்கு ஒரு வரிசை உண்டு. பித்தளைச் சட்டிகளும் தேக்குப் பெட்டிகளும் முதலில் விலைபோகும். சபுராளிகள் கொண்டுவந்த பீங்கான் கோப்பைகளும் கம்பளிகளும் பிள்ளைகளுக்குள் பிரிந்துவிடும். எவரும் கேட்காமல் கடைசியில் மிஞ்சுபவை பழைய ஒலிச் சாதனங்கள். ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை காலைகளில் காரீ அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத்தையும் நாகூர் ஹனிஃபாவின் கணீர்க் குரலையும் தெருமுனை வரை கொண்டுசென்ற அந்தப் பெட்டிகள் எடைக்குப் போகின்றன. காயலான் கடை என்ற சொல்லில் நம்மவர் ஊர் ஒன்றின் பெயர் ஒலிப்பதாகச் சொல்வோர் உண்டு. அது உண்மையோ அல்லவோ, நம் வீட்டுப் பொருள்கள் அங்கே போய்ச் சேர்வது மட்டும் உண்மை.

சென்ற ஆண்டு அப்படி ஒரு பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அடுத்த தெருவில், ஜித்தாவில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பிய பெரியவர் ஒருவர் மௌத்தாகி ஓராண்டு ஆகியிருந்தது. பிள்ளைகள் வெளியூர்களில் இருந்தார்கள். வீட்டை ஒழித்துக்கொண்டிருந்த மகனிடம் 2,000 ரூபாய் கொடுத்து நாங்கள் அதை வாங்கினோம். கறுப்பு வெப்பத்தகடுகள் முகப்பு முழுவதையும் மூடியிருந்தன. ஒரு பொத்தானோ குமிழோ கிடையாது. சிறிய உருவம், ஆனால் தூக்கினால் கை இறங்கியது. வீட்டுக்கு வந்து தூசியைத் துடைத்த பின்னரே பெயர் தெரிந்தது: குவாட் 405. இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1975இல் வெளியிட்ட பவர் ஆம்ப்ளிஃபயர். பக்கத்துக்கு 100 வாட். ஒலித்துறையினர் இன்றும் தேடி வாங்கும் பொருள். நாங்கள் கொடுத்த விலை அதன் சந்தை மதிப்பில் மிகச் சிறு பகுதி.

மகிழ்ச்சிதான் முதலில் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சங்கடம் இஷாவுக்குப் பிறகுதான் வந்தது. வெளியூரிலிருந்து சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தை நிலவரம் அறியுமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதும், அப்படி விற்றவர் சந்தைக்கு வந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளலாம் என்பதும் நாம் மதரஸாவிலேயே படித்தவை. எங்கள் வாங்கல் அதன்கீழ் வருமா என்ற ஃபிக்ஹ் தீர்ப்பை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம். நாங்களும் அறியாமல்தான் வாங்கினோம். ஆனால் அறிந்த பிறகு ஒரு பொருளைத் திறந்து செப்பனிட உட்காருவதற்கு மனம் ஒப்பவில்லை.

மறுநாள் அஸருக்குப் பின் அந்த வீட்டுக்குச் சென்று விலையைச் சொன்னோம். மகன் சிரித்துவிட்டு, "கொடுத்தது கொடுத்ததுதான், விடுங்க காக்கா" என்றார். அவருடைய உம்மா விடவில்லை. "என் பங்கை நான் விட்டுக் கொடுக்கலாம். எனக்கு எட்டுல ஒண்ணுதான். மத்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளது. வெளியூர்ல இருக்கற பிள்ளைக பங்கை நான் எப்படி விடுறது?" என்று கேட்டார். மௌத்தானவரின் பழைய பெட்டி ஒன்றும் வாரிசுச் சொத்தே என்பது எங்கள் எவருக்கும் அதுவரை தோன்றவில்லை. பழுது நீக்க ஆகும் செலவைக் கழித்து, ஒரு தொகையை மேலும் தருவதென்று முடிவாயிற்று. கிளம்பும்போது மாமி இன்னொன்றும் கேட்டார்: "அதோட ஒரு கனத்த இரும்புப் பொட்டி இருந்துச்சே, அதை உங்கள்ட்ட கொடுக்கலையா?"

அந்த இரும்புப் பெட்டி எடைக்குப் போய்விட்டிருந்தது. அது ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர். சவூதியில் அக்காலத்தில் பெரும்பாலான வீட்டுச் சுவர்களில் 127 வோல்ட் மின்சாரமே வந்தது. அங்கே வாங்கிய சாதனங்களை ஊருக்குக் கொண்டுவந்தவர்கள், 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் இத்தகைய பெட்டியை இடையில் வைத்தே இயக்கினார்கள். எங்களிடம் வந்த ஆம்ப்ளிஃபயரின் மின்னழுத்த அமைப்பு 120இல்தான் நின்றது. வாங்கி வந்த அன்றே வீட்டுப் பையன், "ஒரு தடவை சொருகிப் பார்ப்போமே" என்று செருகியை எடுத்துக்கொண்டு போனான். அவனைத் தடுத்தது எங்கள் அறிவு அன்று. அந்த நேரத்தில் மின்தடை.

ஆகவே பழைய ஒலிச் சாதனம் வாங்கும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்ல விரும்பும் முதல் செய்தி, அதை இயக்கிப் பார்க்காதீர்கள் என்பதே. விற்பவரிடம் அது எந்த நாட்டில் வாங்கப்பட்டது, கடைசியாக எப்போது ஓடியது, எப்படி நின்றது என்று கேளுங்கள். மின்னழுத்த அமைப்பைப் பாருங்கள். பிறகு ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் பெட்டியில் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி முறுக்கியிருந்தது. நம் வீடுகளில் இது சர்வ சாதாரணம். ஃபியூஸ் எரிவது பழுதன்று, பழுதைச் சொல்லும் குரல். கம்பியைச் சுற்றியவர் அந்தக் குரலை அடக்கியிருக்கிறார். அதன் பின் எரிய வேண்டியது வேறெதுவாகவோ ஆகியிருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தாலும் நேரடியாக மின்சாரம் கொடுக்கலாகாது. பழைய குண்டு பல்பு ஒன்றை, 60 அல்லது 100 வாட்டில், மின்பாதையில் தொடராக இணைத்து அதன் வழியே கொடுக்க வேண்டும். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியில் எரியும், ஆம்ப்ளிஃபயர் தப்பித்துவிடும். நலமாக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு கடைகளில் அருகி வருவதால் கிடைக்கும்போது இரண்டு வாங்கி வைப்பது நல்லது. எங்களுடையது முதல் முறை அறை முழுவதும் வெளிச்சமாக எரிந்தது.

மூடியைத் திறந்தபோது நாங்கள் கண்டவை: பல்லி முட்டை ஓடுகள், கரப்பான் எச்சம், திருகாணிகளில் துரு, செம்பில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று எந்தப் பெட்டிக்குள்ளும் நுழைந்துவிடும். களிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் நீக்கிவிடும். கருத்தில் கொள்ள வேண்டியவை பெரிய கெப்பாசிட்டர்கள். மின்தேக்கி என்று பாடநூல் சொல்வது பொருத்தமான பெயர். செருகியைப் பிடுங்கிய பிறகும் அவை மின்னைத் தேக்கி வைத்திருக்கும். இந்த ஆம்ப்ளிஃபயரில் அவை ஒவ்வொன்றும் 10,000 மைக்ரோஃபாரட். நேர்ப்புறம் 50 வோல்ட், எதிர்ப்புறம் 50 வோல்ட், இரண்டுக்கும் இடையில் 100. திருப்புளியை வைத்துப் பொறி பறக்க இறக்குவது சிலருக்கு வீரமாகத் தெரிகிறது. அது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை உறையிட்ட கம்பிகளால் அதன் இருமுனையிலும் பதினைந்து நொடி பிடித்து, பின்னர் மல்டிமீட்டரால் அளந்து, சுழிக்கு அருகில் வந்துவிட்டதை உறுதி செய்த பின்பே கை வைக்க வேண்டும்.

வீட்டில் இதைச் செய்கிறோம் என்பதால் இன்னும் இரண்டொன்று. பாங்கு சொன்னதும் எழுந்து ஒளூச் செய்துவிட்டு, ஈரக்கையோடு வந்து "இந்த ஒரு கம்பியை மட்டும்" என்று குனியும் வழக்கம் எங்களுக்கு இருந்தது. அதை விட்டோம். தொழுது முடித்து, கை உலர்ந்த பிறகே மேசைக்கு வருவது. திறந்த பெட்டியை மின் இணைப்போடு விட்டுவிட்டு ஒருவரும் எழுந்து போகக் கூடாது. சிறு பிள்ளைகள் இருக்கும் அறையில் வேலையே கூடாது. வீட்டில் வேறு பெரியவர் இல்லாதபோது மின்சாரம் கொடுத்துச் சோதிப்பதில்லை. ஈயம் பற்றவைத்த கையைச் சோப்பால் கழுவாமல் பேரீச்சம்பழம் கூட எடுக்கக் கூடாது என்பது வீட்டுப் பெண்கள் விதித்த சட்டம். அவர்கள் விதித்தது சரிதான்.

இந்த ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே செப்பனிட எங்களுக்குத் துணிவு தந்தது அதன் அமைப்பு. வழக்கமான பவர் ஆம்ப்ளிஃபயரில் ஒலி அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்குச் சுமை மாறும் இடத்தில் ஒலி சற்றே பிசிறும். பிசிறாதிருக்க இரண்டிலும் எப்போதும் சிறிது மின்னோட்டம் ஓடவேண்டும். அதைத் துல்லியமாகத் திருகி அமைக்க வேண்டும். வெப்பத்திலும் வயதிலும் அது நழுவும். வாக்கர் வேறு வழி கண்டார். துல்லியமான சிறு ஆம்ப்ளிஃபயர் ஒன்று ஒலியின் வடிவத்துக்குப் பொறுப்பேற்கும். பெரிய, முரட்டு டிரான்சிஸ்டர்கள் சுமையை மட்டும் இழுக்கும். அவை விடும் தவறைச் சிறியது அவ்வப்போது ஈடுசெய்துவிடும். கரண்ட் டம்பிங் என்ற பெயரில் இதை அவர் 1975 டிசம்பர் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் விளக்கி எழுதினார். இதன் பயனாக உள்ளே திருகி அமைக்க எதுவுமே இல்லை. கெட்ட உறுப்பை மாற்றினால் போதும். ஆய்வுக்கூடக் கருவிகள் வேண்டாம்.

கெட்ட உறுப்பு வலப்பக்கத்துப் பெரிய டிரான்சிஸ்டர். அதன் பழைய வகை இன்று வருவதில்லை. நிகரான மாற்று உண்டு. சென்னை ரிச்சி தெருவில் இரண்டு வாங்கினோம். ஒன்று மற்றதைவிட எடை குறைவாகப் பட்டது. அதன் எழுத்துகள் ஆல்கஹால் தொட்டதும் கரைந்தன. ஐயம் வந்து, உலோக மூடியை அறுத்துப் பார்த்தோம். உள்ளே நொய்யரிசி அளவில் ஒரு சில்லு. பெரும் மின்னோட்டத்தைத் தாங்கும் சில்லு நகமளவாவது இருக்க வேண்டும். எழுத்தில் பெரியதும் உள்ளே சிறியதுமான அந்தப் போலியை அறியாமல் பொருத்தியிருந்தால், ஒரு நாள் சத்தம் கூட்டியதும் அது வெடித்து, 50 வோல்ட் நேராக ஸ்பீக்கருக்குப் போய் அதையும் எரித்திருக்கும். பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் அதைத் தடுக்கும் ரிலே இல்லை. எனவேதான் ஸ்பீக்கரை இணைக்குமுன் அதன் முனையில் டிசி மின்னழுத்தத்தை அளக்கச் சொல்கிறோம்; சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் இணைக்காதீர்கள். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தந்தார். அவரும் ஏமாந்தவராகவே இருக்கலாம்.

இங்கேதான் எங்கள் மனக்குறை. பழைய ஒலிச் சாதனங்களைப் புதுப்பித்து விற்பது இப்போது நல்ல தொழிலாகி வருகிறது. நம் இளைஞர்கள் பலரும் அதில் இருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஓடக்கூடிய பொருளைக் குப்பையில் எறிவதும், செம்புக்காகக் கம்பிகளைத் திறந்தவெளியில் கொளுத்துவதும் வீண்விரயத்திலும் கேடான செயல். அதைத் தடுக்கும் கை நல்ல கை. ஆனால் அவர்களில் சிலர் விற்கும் பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறோம். வெளியே பளபளக்கும் பூச்சு. உள்ளே அதே வறண்ட கெப்பாசிட்டர்கள், சிலவற்றின் மேல் புதிய உறை மட்டும். விளம்பரத்தில் 'அப்படியே அசல்' என்பார்கள், பாதி மாற்றப்பட்டிருக்கும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, விரலில் ஈரம் பட்டதும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரிடம் கேட்ட நிகழ்ச்சி நமக்கெல்லாம் தெரியும். ஆம்ப்ளிஃபயரில் ஈரம் மூடிக்குள் இருக்கிறது. வாங்குகிறவருக்குத் திறக்கத் தெரியாது. அதனால் திறக்கத் தெரிந்தவர் மீதுதான் பொறுப்பு முழுவதும் விழுகிறது.

மறுபுறம், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதியது வைக்கும் ஆர்வமும் எங்களுக்கு உடன்பாடில்லை. நாற்பதாண்டு கடந்தும் அளவு மாறாத ரெசிஸ்டரை மாற்றுவது எதற்கு? அளந்து பார்த்து, கெட்டதை மட்டும் மாற்றினோம்: கெப்பாசிட்டர்கள், ஒரு டிரான்சிஸ்டர், அதன் அடியில் மைக்கா தகடு, வெப்பப் பசை, மின்கம்பி, சரியான ஃபியூஸ். மின்னழுத்த அமைப்பை 240க்கு மாற்றினோம். ஏறத்தாழ 4,000 ரூபாய் ஆயிற்று. எதை, எந்தத் தேதியில், எந்த அளவுக்கு மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டோம். பழைய உறுப்புகளை ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறோம். நாளை எங்கள் வீட்டையும் யாரோ ஒழிப்பார்கள்.

இரண்டாம் முறை பல்பு மின்னி மங்கியது. ஸ்பீக்கரை இணைத்து முதலில் ஒலித்தது அந்தப் பெரியவர் வீட்டிலிருந்தே மாமி கொடுத்தனுப்பிய கிராஅத் கேசட். இசை கேட்பது பற்றி நம்மிடையே உள்ள கருத்து வேறுபாட்டில் இந்தக் கட்டுரை தலையிடாது. ஆம்ப்ளிஃபயருக்கு அது தெரியாது, கேட்பவருக்குத் தெரியும். ஓதுபவர் ஆயத்துகளுக்கிடையில் மூச்செடுப்பது கேட்டது. இத்தனை ஆண்டுகளாகக் கைப்பேசியில் கேட்டவர்கள் நாங்கள். அந்த மூச்சு எங்களுக்குப் புதிது.

பேசிய தொகையை மாமியிடம் சேர்த்துவிட்டோம். பிள்ளைகளின் பங்குகளை அவர் தனித்தனியாக எண்ணி வைத்ததைப் பார்த்தோம். இடப்பக்கத்தில், எல்லாரும் தூங்கிய பிறகு காதை அருகில் வைத்தால் மட்டும் கேட்கும் ஒரு மெல்லிய இரைச்சல் இன்னும் இருக்கிறது. காரணம் அகப்படவில்லை. அதையும் மூடிக்குள் இருக்கும் தாளில் கடைசி வரியாக எழுதியிருக்கிறோம்.