எலி கேக்கும் பாட்டியின் மாத்திரையும்

இதய வால்வு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கும் வீட்டில் ‘ஐ.என்.ஆர்’ என்ற பெயர் எல்லோருக்கும் பழக்கம். ரத்தம் கட்டியாகாமல் இருக்க பாட்டிக்கு வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை. அளவு சரிதானா என்று பார்க்க அவ்வப்போது ஐ.என்.ஆர் டெஸ்ட். அதே வீட்டுப் பரணில் எலிக்கு வைத்திருக்கும் கலர் கேக்கின் அட்டையைப் படித்துப் பாருங்கள். ‘புரோமடையோலோன்’ என்று போட்டிருந்தால், அது பாட்டியின் மாத்திரைக்கு நெருங்கிய சொந்தம்.

இந்தச் சொந்தம் தொடங்கியது ஒரு மாட்டிடமிருந்து. 1933 பிப்ரவரி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், கடும் பனிப்புயல். எட் கார்ல்சன் என்ற விவசாயி, செத்துப்போன கிடாரி ஒன்றையும், ஒரு பால் கேனில் உறையாத ரத்தத்தையும், மாடுகள் தின்ற கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் வந்தார். தேடிவந்த கால்நடை அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்தது கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகம். பூஞ்சை பிடித்த அந்தத் தீவனத்தில் ரத்தத்தை உறையவிடாத பொருள் எது என்று பிரித்தெடுக்க அவர் குழுவுக்கு ஆறு வருஷம் ஆனது. அதை வைத்து உருவாக்கிய வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக வந்தது. 1954-ல் மனிதர்களுக்கும் அனுமதி கிடைத்தது. எலி மருந்தையா மனுஷனுக்குக் கொடுப்பது என்று முகம் சுளிக்க வேண்டாம். மறு வருஷம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே அதைக் கொடுத்தார்கள்.

எலிகளும் சும்மா இருக்கவில்லை. 1958-லேயே ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு மசியாத எலிகள் தென்பட்டன. அதற்குப் பிறகு வந்த வீரியமான தலைமுறைதான் புரோமடையோலோனும் புரோடிஃபாகோமும். பாட்டியின் மாத்திரை சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். இவை கல்லீரலில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கும்.

குழந்தை எலி கேக்கைக் கடித்துவிட்டால் பெரியவர்கள் ஏமாறுவது எங்கே தெரியுமா? முதல் நாளில். குழந்தை விளையாடுகிறது, சாப்பிடுகிறது, வாந்திகூட இல்லை. பதறிப்போய் ரத்தம் எடுத்தால் ரிப்போர்ட்டும் ‘நார்மல்’. அப்பாடா என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

அந்த நார்மல் பொய்யில்லை. ஆனால் அது நாளைக்குச் செல்லாது. ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே உதவியோடு தயாரிக்கிறது. இந்த விஷம் அந்தத் தயாரிப்பைத்தான் நிறுத்துகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடுவதைத் தொடுவதில்லை. மோட்டார் ரிப்பேரானாலும் மாடித்தொட்டி காலியாகும்வரை குழாயில் தண்ணீர் வருமே, அதுபோல. தொட்டி வற்ற ஒன்றிரண்டு நாள் ஆகும். ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், இடிக்காமலே கன்றிப்போன தோல், கறுத்த மலம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் டாக்டர் 48 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னால் அதைத் தவறவிடக் கூடாது. ஒரு கடி பெரும்பாலும் ஆபத்தில் முடிவதில்லை என்பது உண்மை. ஆனால் எத்தனை கடி என்று இரண்டு வயசுக் குழந்தை கணக்குச் சொல்லாது.

அந்த டெஸ்ட் பாட்டிக்கு எடுக்கும் அதே டெஸ்ட்தான். ரத்தத்தின் திரவப் பகுதியில் உறையவைக்கும் பொருளைச் சேர்த்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்ப்பார்கள். சாதாரண லேபிலேயே முடியும். ஆனால் உறையவில்லை என்று மட்டும்தான் அது சொல்லும். எந்த விஷம் என்று சொல்லாது. அதற்கு, ரத்தத்தில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றின் எடையையும் பார்த்து அடையாளம் காணும் பெரிய கருவி வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: வார்ஃபரினைத் தேடினால் வார்ஃபரின் மட்டும்தான் கிடைக்கும்.

2018-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். 150 பேருக்கு மேல். சிலர் இறந்தும் போனார்கள். எல்லோரும் செயற்கைக் கஞ்சா புகைத்தவர்கள். ரத்தத்தில் குறிப்பாகத் தேடிப் பார்த்தபோது அகப்பட்டது, கஞ்சாவில் கலந்திருந்த புரோடிஃபாகோம். யாரும் எலி மருந்தைச் சாப்பிட்டதாகச் சொல்லவில்லை. சொல்லத் தெரியவும் தெரியாது.

நம்மால் சொல்ல முடியும். ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அந்த அட்டையையோ கவரையோ, மிச்சக் கேக்கையோ கையோடு எடுத்துப்போங்கள். எல்லா எலி மருந்தும் ஒன்றில்லை என்பதால் இது முக்கியம். மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட் கல்லீரலையே அழிப்பது. கறுப்புப் பொடியாக வரும் துத்தநாக பாஸ்பைடு வயிற்றில் நச்சு வாயுவாக மாறுவது. இரண்டுக்கும் முறிவு மருந்து கிடையாது. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது எதற்குமே உதவாது.

கேக் விஷத்துக்கு நல்ல முறிவு இருக்கிறது: வைட்டமின் கே1. முருங்கைக்கீரையிலும் அது உண்டு என்று பொரியல் செய்துகொடுத்தால் போதாது. மருந்தின் அளவே வேறு. இதை நிறுத்துவதிலும் அவசரம் கூடாது. உடம்பில் விஷம் மிச்சமிருந்தால் மாத்திரையை விட்ட இரண்டு மூன்று நாளில் ரத்தம் மறுபடி நீர்த்துவிடும். வளர்ப்பு நாய்க்கும் இதே கதைதான். கேக்கைத் தின்ற நாய் மூன்று நான்கு நாள் கழித்துச் சுருண்டு படுக்கும், ஈறு வெளுத்திருக்கும். கால்நடை டாக்டர் பல வாரங்களுக்கு மாத்திரை எழுதுவார். கடைசி மாத்திரை முடிந்து இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்வார். நாய் துள்ளிக் குதித்தாலும் கூட்டிப்போக வேண்டும்.