பங்களாவோடு நின்றுவிட்ட கம்பி



தோட்டத்து மக்கள் கையில் காசு தங்காததற்குக் கைப்பேசிதான் காரணம் என்று சில பெரிய மனிதர்கள் உபதேசம் செய்து வருகிறார்கள். முன்னே கள்ளைச் சொன்னார்கள். அந்தக் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் திறந்து வைத்தவர்கள் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை!

நாம் கேட்கிறோம். சம்பளம் வங்கிக்குப் போகிறது; பள்ளிக்கூடத்துச் செய்தி கைப்பேசிக்கு வருகிறது; சர்க்கார் உதவிக்கு மனுச் செய்வதும் அதிலேதான். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது பள்ளிக்கூடமே அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டுக்கும் ரோட்டுக்கும் அலைந்தார்கள். இதுவா ஆடம்பரம்?

கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வீட்டில் மூன்று கைப்பேசி. வாரத்துக்கு இரண்டு முறை ஐந்து ஐந்து வெள்ளியாக டாப்-அப் செய்தால் மாதம் 120 வெள்ளி. கிட்டத்தட்ட இரண்டு நாள் பால்வெட்டுக் கூலி! சர்க்கார் 2023-இல் குறைந்த வருமானக்காரர்களுக்காகக் கொண்டுவந்த ஒற்றுமைத் திட்டத்தில் வீட்டு இணையம் மாதம் 69 வெள்ளி. ஒரு கம்பி வந்தால் வீடு முழுவதற்கும் போதும். ஆனால் அந்தக் கம்பி எங்கே?

ஆபீசுக்கு வந்திருக்கிறது. துரை பங்களாவுக்கு வந்திருக்கிறது. ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற கிராணிமார் நாமே கண்ணால் காண்கிறோம். லயத்துக்கு மட்டும் வரவில்லை. கம்பெனிக்காரர்களைக் கேட்டால், "தனியார் நிலம், நிர்வாகம் அனுமதி தரவேண்டும்" என்கிறார்கள். நிர்வாகத்தைக் கேட்டால், "நாலு லயத்துக்காகக் கம்பெனி வராது" என்கிறார்கள். பந்து இங்கும் அங்கும் போகிறது. டாப்-அப் காசு மட்டும் நம் பையிலிருந்து போகிறது. பெரிய தொலைத்தொடர்புக் கம்பெனிகள் நிகர வருமானக் கணக்கில் 6 சதவிகிதத்தைச் சேவை எட்டாத இடங்களுக்கான நிதிக்குக் கட்டி வருகின்றன. தோட்டம் எட்டாத இடம் இல்லையா?

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். கேட்காமலே மாதாமாதம் காசு பிடிக்கும் பாட்டு, விளையாட்டுச் சந்தாக்களை எத்தனை பேர் நிறுத்தியிருக்கிறோம்? 2008 முதல் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எத்தனை பேர் மாற்றினோம்? ஒற்றுமைத் திட்டத்தில் கைப்பேசிக்கும் மலிவுக் கட்டணம் இருக்கிறது. கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்கவேண்டும். தவணையில் புதுக் கைப்பேசி வாங்கும் மோகத்தைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

ஆனால் சிக்கனம் ஓரளவுக்குத்தான். 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் லயத்துக்குத் தண்ணீரும் மின்சாரமும் தர நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்துகிறது. அவற்றையும் ஒரு காலத்தில் ஆடம்பரம் என்றுதான் சொன்னார்கள். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இணையமும் ஒரு கோரிக்கையாக ஏறவேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டாரும் ஒரு மாத டாப்-அப் செலவைத் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தத் தாள்களை நிர்வாகத்தின் மேசைமேல் அடுக்கி வைத்து, கம்பி லயத்துக்கு வரும் தேதியைக் கேட்போம்.