கிழங்கைத் தோண்டிய பிறகும் ஒரு விதைப்பு

கனடாவின் கிழக்குக் கரையோரம் இருக்கிறது பிரின்ஸ் எட்வர்ட் தீவு. மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. ஆனால், கனடாவில் விளையும் உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தக் குட்டித் தீவின் செம்மண்ணிலிருந்துதான் வருகிறது.

அங்கே வீட்டுக் கிணறானாலும் நகராட்சிக் குழாயானாலும், குடிப்பது நிலத்தடி நீரைத்தான். கிழங்கு வயல்களுக்கு அடியில் ஊறிக் கிடப்பதும் அதே நீர்தான். சிக்கல் இங்கேதான்.

உருளைக்கிழங்குக்குத் தழைச்சத்து நிறைய வேண்டும். ஆனால், அதன் வேர் ஆழமாக இறங்காது. போட்ட உரம் முழுவதையும் அது எடுத்துக்கொள்வதில்லை. மிச்சம் நைட்ரேட்டாக மாறி மண்ணிலேயே தங்குகிறது. அக்டோபர் வாக்கில் அறுவடை முடிந்தால் நிலம் வெறுமையாகிவிடும். அதன்பின் மழை, பனி, வசந்தத்தில் பனி உருகிய நீர். நைட்ரேட்டைக் கரைத்துக் கீழே கொண்டுபோக இவை போதும்.

குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் என்பது கனடாவின் வரம்பு. அதற்கு மேல் போன தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். கழிமுகங்களுக்குப் போய்ச்சேரும் நைட்ரேட்டோ கடற்பாசியைத் தாறுமாறாக வளர்க்கிறது. அது அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்து, மீன்கள் சாகின்றன.

இதற்கு ஒரு வழி, மூடுபயிர். கிழங்கைத் தோண்டிய கையோடு ரை தானியத்தை விதைக்கிறார்கள். குளிரைத் தாங்கும் பயிர் அது. மிச்ச நைட்ரேட்டை உறிஞ்சித் தன் உடலில் வைத்துக்கொள்ளும். வசந்தத்தில் மடக்கி உழுதால் மட்கி, அடுத்த பயிருக்குத் திருப்பித் தரும். நம் ஊரில் தக்கைப்பூண்டை மடக்கி உழுவது தழைச்சத்தைச் சேர்க்க. அங்கே ரை விதைப்பது இருக்கும் சத்து ஓடிப்போகாமல் பிடித்து வைக்க.

இதிலும் பக்குவம் வேண்டும். ரையை முற்றவிட்டு வைக்கோலாக்கி உழுதால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். அடுத்த பயிர் வெளிறி நிற்கும். கிழங்குக்கு முந்தைய ஆண்டில் போடும் குளோவர், காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்கும் பயறு இனம். அதை இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே உழுதால், கிழங்கு நடுமுன்பே சத்து கரைந்து போய்விடும். குளிர் நெருங்கும்வரை, முடிந்தால் வசந்தம்வரை, விட்டுவைப்பது நல்லது. குளோவர் தந்த சத்துக்கு ஈடாக உரத்தையும் குறைக்க வேண்டும். இல்லையென்றால் செய்ததெல்லாம் வீண்.

ஒரே வயலில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் கிழங்கு என்று அங்கே சட்டமே இருக்கிறது. ரை விதைக்கச் சட்டம் காத்திருப்பதில்லை, குளிரும் காத்திருப்பதில்லை. அறுவடை தாமதமானால் பயிர் முளைத்து வேர்விட நாள் போதாது. விதைக்கும் டீசலுக்கும் செலவு உண்டு; சந்தைக்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்காது. கிடைக்கும் பலனில் ஒரு பகுதி பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குத்தான் போகிறது. அதனால், அந்தச் செலவை விவசாயி மட்டுமே சுமக்க வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானதே.