ஆடுவதற்கு ஒரு தரை

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்த பிரேக் டான்ஸ் போட்டிக்குப் போயிருந்தேன். ஐம்பதைத் தாண்டியவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அக்கா மகன் ஆடினான். பாலிடெக்னிக் மாணவன். "மாமா, நம்ம வீட்டுலேருந்து ஒருத்தராவது வந்து பாருங்க" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அக்காவுக்கு மட்டும் அரை மனசுதான். "எங்கயாச்சும் ஆடிட்டு அடி வாங்கிட்டு வந்துடப்போறான், பாத்துக்க தம்பி" என்று சொல்லித்தான் அனுப்பியது.

அக்கா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கல்யாணம், திருவிழா, சாவு மூன்றிலும் நம் மக்களிடம் ஆட்டம் உண்டு. ஆனால் எந்தத் தெருவில் ஆடலாம் என்பதை நாம் முடிவு செய்ததில்லை. நம் பையன்கள் ஊர்த்தெரு வழியாக ஆடிக்கொண்டு போனார்கள் என்று தகராறு, கல்வீச்சு, வழக்கு எனச் செய்தி வராத வருஷம் தமிழ்நாட்டில் உண்டா?

மண்டப வாசலில் பெயர் பதிவு செய்யும் மேசை. ஆட்டத்துக்கு வைத்துக்கொண்ட பெயர், செல்போன் எண், கட்டணம் 300 ரூபாய். அவ்வளவுதான் கேட்டார்கள். ஊர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை. முகவரி எழுதும்போது 'காலனி' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி பேனா நிற்கும் அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததே 2025 ஏப்ரலில்தான். இங்கே பையன்கள் அவர்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மேடை இல்லை. எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள், நடுவில் இருவர் மோதுகிறார்கள். ஒருவர் ஆடி முடித்து ஒதுங்கியதும் மற்றவர் இறங்குகிறார். முதலில் நின்றபடி சில அடிகள், பிறகு கையை ஊன்றித் தரையோடு கால் வேலை, பிறகு முதுகிலும் தலையிலும் சுழற்சி, கடைசியில் ஒற்றைக் கையில் உடம்பைத் தாங்கி அப்படியே உறைந்து நிற்பது. பாட்டை ஆடுகிறவர் தேர்ந்தெடுக்க முடியாது. டிஜே போடுவதற்குத்தான் ஆட வேண்டும். அடுத்தவன் அசைவைத் திருடினால் எதிரே நிற்பவன் அங்கேயே கையால் சாடை காட்டிக் குத்திக்காட்டுவான். தொட்டு மோதக் கூடாது. கோபம் எவ்வளவு இருந்தாலும் ஆட்டத்தில்தான் காட்ட வேண்டும். முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கக் காசு சேர்ப்பதற்காக, தங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கொண்டாட்டம் நடத்தினார். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். ஜமைக்காவிலிருந்து பிழைக்கப் போன குடும்பம். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்துக்காகத்தான் கூட்டம் காத்திருக்கிறது என்பதைக் கவனித்திருந்த ஹெர்க், இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு அந்த இடத்தை நீட்டினார். அந்த இடத்துக்குப் பெயர்தான் பிரேக். நகரம் கைவிட்ட அந்தப் பகுதியின் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகள் நடைபாதையில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு ஆடினார்கள். 2024இல் அது பாரிஸ் ஒலிம்பிக்குக்கே போனது.

தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் என்றதும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. வைக்கோல் தீயில் தப்பைக் காய்ச்சி எடுத்து அவர் அடி மாற்றும்போது, கிழவிகள்கூட எழுந்து நிற்பார்கள். ஆனால் அவர் எங்கே அடிக்க வேண்டும், யார் வீட்டுச் சாவுக்குப் போக வேண்டும் என்பதைப் பண்ணைதான் சொன்னது. அதனால்தான் என் அப்பா குச்சியைத் தொடவே இல்லை.

நம்மிடையே இப்போது இரண்டு பேச்சு உண்டு. பறை அடிமைத்தனத்தின் அடையாளம், விட்டுத் தொலைக்க வேண்டும் என்பது ஒன்று. பறை நம் விடுதலை இசை, அதை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் ஆட்டம் எதற்கு என்பது இன்னொன்று. (இது வெள்ளைக்காரன் ஆட்டமும் இல்லை என்பதை மேலே பார்த்தோம்.) மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். அதற்காக அக்கா மகன் தோளிலும் தப்பை மாட்டிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. தாத்தாவுக்கு இல்லாதது, எதை ஆடுவது, எதை அடிப்பது என்று முடிவு செய்யும் உரிமை. அது இவனிடம் இருக்கட்டும்.

வட்டத்துக்குள் எல்லோரும் சமம் என்று எழுதிவிட்டுப் போக ஆசைதான். ஆனால் வட்டத்துக்கு வெளியே அப்படி இல்லை. நகரத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி பதித்த கூடம், மெத்தை, பயிற்சியாளர். நம் பையன்கள் செல்போன் பார்த்துக் கற்கிறார்கள். முழங்கையில் காய்ந்த புண். அக்கா மகன் ஆடிப் பழகுவது எங்கள் ஊர் நெல் உலர்களத்தில், கிழிந்த ஃபிளெக்ஸ் பேனரை விரித்து. இப்போது குறுவை அறுவடை. களம் முழுக்க நெல்லும் சாக்கும். மூன்று வாரமாக அவனுக்குத் தரை இல்லை. வந்திருந்தவர்களில் பெண் பிள்ளைகள் இரண்டே பேர். வெட்டவெளிக் களத்தில் பொழுது சாய்ந்த பிறகு எந்தப் பெண் பழக முடியும்?

எங்கள் தெருவில் சமுதாயக் கூடம் ஒன்று இருக்கிறது. தலித் மக்களுக்கென்று அரசு கட்டிக்கொடுத்தது. வழவழப்பான தரை, மின்விளக்கு எல்லாம் உண்டு. வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டித்தான் கிடக்கிறது. பல ஊரிலும் இதே கதை என்று வாசகர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரை திறந்துவிட என்ன செலவாகும்? மும்பை தாராவியில் 'ஸ்லம்காட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட பையன்கள், சேரிப் பிள்ளைகளுக்கு இதே ஆட்டத்தைக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது ஓர் அறையும் ஒரு ஸ்பீக்கரும்தான்.

அக்கா மகன் இரண்டாவது சுற்றில் தோற்றான். தலையில் சுழலும்போது கழுத்து வலித்துப் பாதியில் இறங்கிவிட்டான். ஜெயித்த பையனே வந்து தண்ணீர் கொடுத்தான். இறுதிச் சுற்றைப் பார்க்க முடியவில்லை. எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று பாதியிலேயே கிளம்பினோம். எங்களோடு கிராமத்துப் பையன்கள் இன்னும் ஏழெட்டுப் பேர் இறங்கி ஓடிவந்தார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்: "மாமா, அந்தக் கூடத்துச் சாவி யாருகிட்ட இருக்கு?"

ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. வரும் அக்டோபர் 2 கிராம சபையில் கேட்கப் போகிறோம். மனுவை அவனே எழுதியிருக்கிறான். எங்கள் தெருவில் இதுவரை பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது.